தடிமனும் காதுவலியும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், அட்டன், டிக்கோயாப் பகுதித் தோட்டங்களில் தடிமன் பிடிக்காத பிள்ளையைக் காண்பது அரிது. ஒரு லயக் காம்பராவில் கண்டது அடுத்த காம்பராவிற்குச் செல்ல அதிக நாள் வேண்டியதில்லை. அதன்பின் ஓர் இரவு, குழந்தை காதைப் பிடித்துக்கொண்டு அலறும். குளிர்காற்று காதிலே புகுந்துவிட்டதென்று தாய்மார் துணியால் கட்டுவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம்.

குற்றவாளி காற்றன்று, தடிமனை உண்டாக்கிய வைரசே. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு சிறு குழாய் செல்கின்றது. நாம் எச்சில் விழுங்கும்போது அது திறந்து, செவிப்பறையின் உட்புறத்திற்குக் காற்றைக் கொடுக்கும். தடிமனால் குழாய் வீங்கி அடைபட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அந்நீரிலே பக்டீரியாக்கள் குடிபுகுந்தால் சீழாகிச் செவிப்பறையைத் துளைத்து வெளிவருதலும் உண்டு. சிறுவருக்கு இக்குழாய் குறுகியதாயும் ஏறக்குறையக் கிடையாயும் இருப்பதே இந்நோய் அவர்களை அதிகம் நாடுவதற்குக் காரணம். அடுப்புப் புகையும் இதற்குத் துணைபோகின்றது. சீழ் வடியும் காதிலே காய்ச்சிய எண்ணெயை வார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

வலி நின்ற பின்னும் நீர் பல வாரங்கள் தங்கிச் செவியை மந்தமாக்கும். பின் வாங்கில் இருக்கும் மாணவன் அழைத்தும் திரும்பாவிடில், கவனமற்றவன் என்று சினக்கும் ஆசிரியர், சென்ற மாதம் அவனுக்குத் தடிமன் இருந்ததா என்று வினவுவது நன்று.

சின்னமுத்துக்குப் பின் காதில் சீழ் வடிவதும் பெரும்பாலும் இவ்வழியே. கூகைக்கட்டோ அரிதாக உட்செவியையே தாக்கும். அநேகமாக ஒரு காதே கெடுவதால், தொலைபேசியை அந்தக் காதில் வைக்கும் நாள் வரை பிள்ளை அதனை உணராதிருக்கவும் கூடும்.

எல்லாவற்றிலும் கொடியது ருபெல்லா. கர்ப்பிணிக்கு மெல்லிய காய்ச்சலாய் வந்து போகும். சிசுவோ செவிடாய்ப் பிறக்கலாம். 1941இல் அவுஸ்திரேலியக் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், தாயின் ருபெல்லாவுக்கும் சிசுவின் கண்புரைக்கும் உள்ள தொடர்பைக் கண்டார். செவிட்டுத்தன்மை பின்னரே தெளிவாயிற்று. இலங்கையில் 1996இல் பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. 2011 முதல் இம்மூன்று நோய்களுக்கும் சேர்ந்த ஊசி குழந்தைகளுக்குக் கிடைக்கின்றது. 2020இல், சின்னமுத்தையும் ருபெல்லாவையும் ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் 2023இல் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டிற்று.

கொழுந்தெடுக்கும் தாய்க்கு ஒருநாட் பேர் போவது சிறிய இழப்பன்று. அதனை நாம் அறிவோம். எனினும் இவ்வூசி ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, மூன்றாம் வயதில் ஒன்று என இரண்டே முறைதான். தவறிப்போயிருந்தால், பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு மருத்துவ மாதுவைக் காணலாம், பிந்தியும் போடுவார்கள்.