கணக்கில் வராத பிள்ளைகள்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் இரவுகளைப் பத்திரிகைக்காரன் எளிதில் மறப்பதில்லை. ஆசிரிய பீடத்துத் தொலைபேசி ஓயாது. ஒன்பது பாடங்களிலும் 'ஏ' பெற்றவர்கள் எத்தனை பேர், சித்தி வீதம் எவ்வளவு என்று அதிபர்கள் பெருமிதத்தோடு சொல்வார்கள். நானும் 'வரலாற்றுச் சாதனை' என்று தலைப்பிட்டு மறுநாள் பக்கத்தை நிரப்புவேன். அத்தனை ஆண்டுகளில் ஓர் அதிபரிடமேனும், 'உங்கள் பாடசாலைக்குள் வந்த பிள்ளைகள் யார்? இடையில் போனவர்கள் எத்தனை பேர்?' என்று நான் கேட்டதில்லை. கேட்காதது என் தொழிலின் பிழை.

அப்பிழையை எனக்கு உணர்த்தியது, அமெரிக்காவின் 'சாட்டர்' பாடசாலைகள் பற்றி அங்கே பல்லாண்டுகளாக நடந்துவரும் வாதம். சாட்டர் பாடசாலை என்பது பொதுப் பணத்தில் இயங்கும், கட்டணம் அறவிடாத பாடசாலை. ஆனால் அதன் நிர்வாகம் வழமையான கல்விச் சபையிடம் இல்லை. உடன்படிக்கை செய்துகொண்ட தனி அமைப்பொன்றின் கையில் இருக்கிறது. 1991இல் மினசோட்டா மாநிலம் இதற்கான முதற் சட்டத்தை இயற்றியது. 1992இல் அங்கேயே முதற் பாடசாலை திறக்கப்பட்டது. இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் சீட்டிழுப்பு மூலமே அனுமதி. ஆகவே, 'நாங்கள் எவரையும் பொறுக்கி எடுப்பதில்லை' என்கிறார்கள் இவற்றின் ஆதரவாளர்கள். உண்மைதானா?

அரிசோனாவின் பேசிஸ் பாடசாலைகளைப் பாருங்கள். 1998இல் டூசோன் நகரில் தொடங்கிய இவ்வமைப்பின் மூன்று பாடசாலைகள், 2017இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றின் உயர்நிலைப் பாடசாலைத் தரவரிசையில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. பத்திரிகைகள் வியந்தன. ஆனால் அரிசோனாவின் அரசாங்கப் பாடசாலை மாணவர்களில் 10 பேருக்கு 4 பேருக்கும் மேல் ஹிஸ்பானியர். பேசிஸ் வகுப்பறைகளில் அவர்கள் சிறு தொகையினரே. வெள்ளையரும் ஆசிய வம்சாவளியினருமே அங்கு பெரும்பான்மை. பாடசாலை பஸ் இல்லை. ஏழைப் பிள்ளைக்கு இலவச மதிய உணவு இல்லை. காரும் ஓய்வும் உள்ள பெற்றோர் மட்டுமே வந்து சேரக்கூடிய வாசலில் வடிகட்டி எதற்கு? பாதையே வடிகட்டிவிடுகிறதே!

நியூயோர்க்கின் 'சக்சஸ் அகடமி' வேறு வகை. 2006இல் ஹார்லமில் தொடங்கிய இவ்வமைப்பின் பிள்ளைகளில் பெரும்பாலோர் வறிய கறுப்பின, ஹிஸ்பானியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 2019 மாநிலப் பரீட்சையில் அவர்களுள் 99 வீதத்தினர் கணிதத்திலும், 90 வீதத்தினர் ஆங்கிலத்திலும் சித்தியடைந்தனர். நகரம் முழுவதையும் எடுத்தால் இரண்டு பாடங்களிலும் பாதிப் பேர்கூடச் சித்தியடையவில்லை. இதைச் சாதனை அல்ல என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் மறுபக்கத்தையும் எழுத வேண்டும். 2006இல் அங்கே முதலாம் வகுப்பில் இருந்தவர்கள் 73 பேர். 2018இல் அந்த முதல் அணியில் பட்டமளிப்பு மேடை ஏறியவர்கள் 16 பேர். நான்காம் வகுப்புக்குப் பின் வெற்றிடங்களுக்குப் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்பது அவ்வமைப்பு கடைப்பிடித்த கொள்கை. 2015இல் அதன் பாடசாலையொன்றில் 'போகவேண்டியவர்கள்' என்று 16 பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் இருந்ததை நியூயோர்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. அவர்களுள் 9 பேர் பின்னர் விலகியிருந்தனர். பட்டியல் தவறு, அது சில நாட்களே நடைமுறையில் இருந்தது என்று நிர்வாகம் விளக்கியது. விலகிய பிள்ளை காற்றில் கரைவதில்லை. அடுத்த தெருவிலுள்ள சாதாரணப் பாடசாலையில் போய் அமர்கிறது. அதன் குறைந்த புள்ளி அப்பாடசாலையின் கணக்கில் ஏறுகிறது. பிறகு நாமே அப்பாடசாலையைத் 'தோல்வியடைந்தது' என்று எழுதுகிறோம்!

அப்படியானால் சாட்டர் பாடசாலைகள் யாவும் ஏமாற்றுவித்தையா? அதுவும் சோம்பேறித்தனமான முடிவே. பொஸ்டனில் ஆய்வாளர்கள், சீட்டிழுப்பில் வென்ற பிள்ளைகளையும் தோற்ற பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இரு சாராரும் விண்ணப்பித்தவர்களே. அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகளே. வென்றவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். கற்பித்தலுக்கு வலு உண்டு என்பதற்கு அது சான்று. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மையமொன்று 2009இல் வெளியிட்ட அறிக்கையிலோ, 17 வீதமான சாட்டர் பாடசாலைகளே கணிதத்தில் அயற்பாடசாலைகளை விஞ்சின. 37 வீதமானவை பின்தங்கின. அதே மையத்தின் 2023 அறிக்கை, சாட்டர் மாணவர்கள் ஆண்டுக்கு வாசிப்பில் 16 நாட்களுக்கும் கணிதத்தில் 6 நாட்களுக்கும் சமமான அளவு முந்தியிருந்ததாகக் கூறுகிறது. முன்னேற்றம்தான், அற்புதமல்ல.

'செல்வந்தர் நல்ல புறநகரில் வீடு வாங்கிப் பாடசாலையைத் தெரிவு செய்கிறார்கள். ஏழைத் தாய்க்கு அவ்வுரிமை கூடாதா?' என்ற ஆதரவாளர்களின் கேள்வி நியாயமானது. கூடும் என்பேன். ஆனால் தெரிவு செய்த பாடசாலையைத் தெரிவே செய்யமுடியாத பாடசாலையோடு நிறுத்தி, 'பார், இவர்கள் நல்ல ஆசிரியர்கள், அவர்கள் சோம்பேறிகள்' என்று தீர்ப்பெழுதுவது அநியாயம். குடும்பப் பின்னணி பெறுபேற்றில் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதை 1966ஆம் ஆண்டின் கோல்மன் அறிக்கையே சொல்லிவிட்டது. தெரிந்தும் மறைப்பவர்களை என்னவென்பது?

நம் வீட்டு முற்றத்தையும் பார்ப்போம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடிந்ததும், கிராமப் பாடசாலையின் கெட்டிக்காரப் பிள்ளைகள் நகரத்துத் தேசிய பாடசாலைகளுக்குப் போகிறார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, நகரப் பாடசாலையின் 'சாதனை' முன்பக்கத்தில் வருகிறது. எஞ்சிய பிள்ளைகளோடு போராடிய கிராமத்து ஆசிரியைக்கு ஒரு வரியும் இல்லை. அந்த வரியை எழுதாதவர்களில் நானும் ஒருவன்.

இனிப் பெறுபேற்றுச் செய்தி எழுதும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். சித்தி வீதத்தின் பக்கத்தில் இன்னும் மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: வந்தவர் எத்தனை, அவர்களில் வறியவர் எத்தனை, இடையில் போனவர் எத்தனை. இவற்றைத் தர மறுக்கும் பாடசாலையின் வெற்றியை, அது தரும்வரை பிரசுரிக்காதீர்கள்.