பத்திரத்தில் யார் பெயர்?

ஆடியும் ஆவணியும் வந்துவிட்டால் புத்தளம் மாவட்டத்துக் கடற்கரை வீதிகளிலே வாகனங்களுக்குக் குறைவில்லை. உடப்பிலே திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு, தலவிலவிலே புனித அன்னம்மாள் திருவிழா, முன்னேஸ்வரத்திலே மகோற்சவம். பாடசாலை விடுமுறையும் கூடவே வருகிறது. கனடாவிலும் இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் வாழும் நம்மவர், இத்தாலிக்குச் சென்ற வென்னப்புவ, மாரவில மக்கள் எனப் பலரும் ஊரை நாடி வரும் காலம் இதுவே. அவர்களிற் சிலர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் சாரதியில்லாத வாடகைக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு தாமே ஓட்டிச் செல்கின்றனர்.

அவ்வாறு கார் எடுக்கும்போது ஒப்பந்தப் பத்திரம் ஒன்றிற் கையொப்பமிட வேண்டும். வாடகை எவ்வளவு, பிணைப்பணம் எவ்வளவு, நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் என்பவற்றையெல்லாம் நாம் கருத்தாகக் கேட்கிறோம். "இவ்வாகனத்தை ஓட்டுவோர் யார்?" என்னும் வரியை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். இவ்வாரம் அந்த ஒரு வரியைப் பற்றியே ஆராய்வோம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டொரன்டோவிலிருந்து ஒரு குடும்பம் அதிகாலையிலே வந்திறங்குகிறது. குடும்பத் தலைவர் தம் பெயரில் மட்டும் கார் எடுக்கிறார். அவரை எதிர்கொள்ள வந்த தங்கை கணவரும் உடன் ஏறிக்கொள்கிறார். போகவேண்டிய இடம் கற்பிட்டி. நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாகப் பாலாவிச் சந்தி வரை சென்று, அங்கிருந்து இடப்புறம் திரும்பி, நுரைச்சோலையைக் கடந்து செல்ல வேண்டும். ஏறத்தாழ 130 கிலோமீற்றர். ஓட்டுபவரோ கனடாவில் வலப்புறமாக ஓட்டிப் பழகியவர், இங்கே இடப்புறம். இரு நாடுகளின் கடிகாரங்களுக்கும் இடையே கோடையில் ஒன்பதரை மணி நேர வேறுபாடு. விமானத்தில் உறக்கமும் இல்லை. மாதம்பையைத் தாண்டுகையில் அவருடைய இமைகள் கனக்கின்றன.

"மச்சான், நீங்கள் சற்றுக் கண்ணயருங்கள். இந்த வீதி எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, நான் ஓட்டுகிறேன்" என்கிறார் தங்கை கணவர். அவரிடம் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் உண்டு; ஓட்டுவதிலும் வல்லவர். ஆனால் ஒப்பந்தப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. இப்போது சாவியைக் கொடுப்பதா, கொடாமல் விடுவதா?

கொடுத்தால் ஒப்பந்தத்தை மீறியதாகும். கொடாவிட்டால் உறங்கி விழுபவர் கையிலே குடும்பம் முழுவதும் பயணம் செய்கிறது. இரண்டும் தவறு. கட்டுநாயக்காவிலே பத்து நிமிடம் செலவிட்டு இரண்டாவது பெயரையும் எழுதியிருந்தால் இந்தச் சங்கடமே நேர்ந்திராது.

வாகன உரிமையாளர் ஏன் ஒவ்வொரு சாரதியின் பெயரையும் கேட்கிறார்? காரணங்கள் மூன்று. முதலாவது, அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவர் தம் வாகனத்தை ஓட்டுவதை அவர் அனுமதித்தல் ஆகாது. இரண்டாவது, காப்புறுதி நிறுவனம் எத்தகைய சாரதிக்குப் பொறுப்பேற்கிறதோ அந்த எல்லைக்குள் அவர் நிற்க வேண்டும். மூன்றாவது, வாடகைக்கு எடுத்த காரைப் போலிப் பத்திரங்களுடன் ஈடுவைத்தும் விற்றும் ஏமாற்றுவோர் இந்நாட்டில் உண்டு. ஆகவே, தம் பொருள் யார் கையில் இருக்கிறது என்று அறிய அவர் விரும்புவதிற் குறைகாண முடியாது.

மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தி. கற்பிட்டியிலே 1667ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒல்லாந்தர் கோட்டையை மட்டும் விட்டுச் செல்லவில்லை. உரோம-ஒல்லாந்தச் சட்டம் எனப்படும் சட்ட மரபையும் விட்டுச் சென்றனர். வாடகை ஒப்பந்தம் பற்றிய நம் சட்டத்துக்கு இன்றும் அதுவே அடித்தளம். அந்த மரபின் பழைய ஆசிரியர்களுள் ஒருவர் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயுஸ் என்பவர். ஓரிடம் வரை ஏறிச்செல்ல இரவல் வாங்கிய குதிரையை, உடையவர் இசையமாட்டார் என்று அறிந்தும் அதற்கு அப்பால் ஓட்டிச் சென்றவன் திருட்டுக் குற்றத்துக்கு ஆளாவான் என்பது அவர் காட்டும் உதாரணம். இக்காலத்திலே வாடகைக் காரை மைத்துனரிடம் கொடுப்பதை எவரும் திருட்டு என்று சொல்லார். ஆயினும், பிறர் பொருளை அவர் இசைந்த அளவுக்குள்ளேயே பயன்படுத்த வேண்டும் என்னும் கருத்து அன்று குதிரைக்கு இருந்தது போலவே இன்று காருக்கும் இருக்கிறது.

இனி, விபத்து நேர்ந்தால் என்னாகும் என்று பார்ப்போம். இங்கே இரு வகைக் காப்புறுதியைப் பிரித்தறிய வேண்டும். வீதியிற் செல்லும் பிறருக்கு உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் அதற்குரிய மூன்றாந்தரப்புக் காப்புறுதி ஒன்று. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அது இன்றியமையாதது. ஒன்றுமறியாத வழிப்போக்கரைக் காப்பதே அதன் நோக்கம். எனினும், ஒப்பந்தம் மீறப்பட்டிருந்தால் தான் செலுத்திய தொகையைப் பின்னர்த் திருப்பிக் கேட்கும் உரிமையைக் காப்புறுதிப் பத்திரங்கள் பொதுவாக நிறுவனத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கின்றன. வாடகைக் காருக்கே நேரும் சேதத்துக்கான காப்புறுதி மற்றொன்று. இது முற்றிலும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பெயர் எழுதப்படாத ஒருவர் ஓட்டியிருந்தால், "எமக்குப் பொறுப்பில்லை" என்று நிறுவனம் கைவிரித்துவிடலாம். அப்போது நொறுங்கிய காரின் விலை யார் தலையில் விழும்? கையொப்பமிட்டவர் தலையிலேயே விழும். ஓட்டிய மைத்துனர், ஓட்டக் கொடுத்த அண்ணன், இடையிலே தங்கை. காசு போவதோடு உறவும் போய்விடும்.

இவ்விடத்தில் மற்றொரு பெருந்தவறும் நேர்வதுண்டு. விபத்து நடந்த பதற்றத்திலே, "பத்திரத்தில் உங்கள் பெயர்தானே இருக்கிறது, நீங்களே ஓட்டியதாகப் பொலிசாரிடம் சொல்லிவிடுங்கள்" என்று யாரேனும் ஆலோசனை கூறுவர். அந்தச் சொல்லுக்குச் செவிசாய்க்காதீர்கள். ஒப்பந்த மீறல் பணத்தோடு முடியக்கூடும். பொலிசாரிடம் பொய் உரைத்தல் குற்றமாகிவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் பாடமும் நல்லதன்று.

ஆகவே மேலதிக சாரதியின் பெயரைச் சேர்ப்பதை வீண்செலவு என்று எண்ணலாகாது. இவ்வீதியை அறிந்தவர் அதை நன்குணர்வர். சிலாபம் வரை பஸ்களும் லொறிகளும் முச்சக்கரவண்டிகளும் நெருக்கியடிக்கும். பாலாவிக்கு அப்பாலோ இரவிலே மாடுகள் வீதியிற் படுத்திருக்கும்; கற்பிட்டிப் பக்கத்துக் கழுதைகள் கூட்டமாகக் குறுக்கிடும்; விளக்கில்லாத சைக்கிளில் மீனவர் கடலுக்குப் புறப்பட்டிருப்பார். அவருக்கும் வீட்டிலே பிள்ளைகள் உண்டு. இத்தகைய வீதியில் களைத்த கண்களுக்கு இடமில்லை. இரண்டாவது சாரதிக்காகக் கொடுக்கும் தொகை, முதற் சாரதியின் உறக்கத்துக்காகக் கொடுக்கும் தொகை என்று கொள்ளுங்கள்.

"என் மனைவிக்குமா தனியே பெயர் எழுத வேண்டும்?" என்று சிலர் வியப்பர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, வாடகைக்கு எடுத்தவரின் வாழ்க்கைத் துணை உரிய வயதும் அனுமதிப்பத்திரமும் உடையவராயின், அவரையும் அனுமதி பெற்ற சாரதியாகவே சட்டம் கொள்கிறது. அவசர நிலையில் ஓட்ட நேர்ந்தவருக்கும் அங்கே இடமுண்டு. அந்த வழக்கத்தை மனத்திற்கொண்டு இங்கே நடந்துகொள்வது ஆபத்து. நம் கையிலுள்ள பத்திரம் என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு மேலும் ஒரு கடமை உண்டு. தம் நாட்டு அனுமதிப்பத்திரத்தை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்து, 1904ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஓட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோன் என்னும் சங்கத்தில் அங்கீகாரம் பெறுவது நெடுநாள் வழக்கம். 2025 ஆகஸ்ட் மாதத்தில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் வழங்கும் கருமபீடமொன்றைத் திறந்தது. எவ்வழியாயினும், ஓட்ட எண்ணும் ஒவ்வொருவரும் தத்தமக்கெனத் தனித்தனியே அனுமதி பெற்றிருக்க வேண்டும். கணவருடைய அனுமதி மனைவிக்கு உதவாது. கார் ஓட்ட அனுமதி பெற்ற வெளிநாட்டவர் அதைக்கொண்டு முச்சக்கரவண்டியையும் ஓட்டலாம் என்று எண்ணுவதும் தவறு.

செய்ய வேண்டியவை சிலவே. கார் எடுக்கும்போது ஓட்டக்கூடிய அனைவரும் நேரில் இருங்கள். அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டையும் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் காட்டி, ஒவ்வொருவரும் கையொப்பமிடுங்கள். வயதெல்லையும் அனுபவ எல்லையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; முன்கூட்டியே கேளுங்கள். மேலதிகக் கட்டணம் நாட்கணக்கிலா, மொத்தமாகவா என்று கேட்டுப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். காப்புறுதிச் சான்றிதழைப் பார்த்து, அது வாடகைக்கு விடும் வாகனத்துக்கு உரியதுதானா என்றும் வினவுங்கள். சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த காரை வாடகைக்கு விட்டால், எத்தனை பெயர் எழுதியும் பயனில்லை. பயணத்தின் நடுவே புதிதாக ஒருவரைச் சேர்க்க நேர்ந்தால், தொலைபேசியில் "சரி" என்ற சொல்லோடு நின்றுவிடாமல், எழுத்தில் அனுமதி வந்த பின்னரே சாவியைக் கொடுங்கள்.

ஓட்டுபவர் வழியில் நோயுற்றால் வாகனத்தை ஓரமாக நிறுத்தி 1990 என்னும் இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும். களைப்பு மட்டுமே என்றால் சிலாபத்திலே ஒரு தேநீர், ஒரு மணி நேர உறக்கம். கற்பிட்டி எங்கும் ஓடிவிடாது.

நம் குடும்பங்களிலே சாவியை மறுப்பது மனத்தாங்கலுக்கு இடமாகும். "என்னை நம்பவில்லையா?" என்ற கேள்வி உடனே எழும். அக்கேள்வி எழாதிருக்க ஒரே வழி, புறப்படுமுன்பே, "மச்சான், உங்கள் பெயரையும் எழுதுவோம், அனுமதிப்பத்திரத்தை எடுத்து வாருங்கள்" என்று அழைப்பதே. திருமண அழைப்பிதழில் உறவினர் பெயர் விடுபடாதிருக்க நாம் எத்துணை கவனம் செலுத்துகிறோம்! அக்கவனத்திற் பாதியை வாடகைப் பத்திரத்துக்கும் கொடுத்தாற் போதும்.