மாங்கன்றின் உணவு

நட்ட மாங்கன்று விரைந்து வளரவேண்டும் என்று வேதி உரத்தை அள்ளி இடுவோர் பலர். அளவு மிகுந்த உரம் இளவேரைக் கருக்கிவிடும். மட்காத சாணமும் தீங்கே. மட்கும்போது அது வெப்பத்தை உண்டாக்கும், கரையானையும் வரவழைக்கும். நன்கு மட்கிய தொழு உரமே கன்றுக்கு ஏற்றது. அது மணல் நிலத்தில் நீரைத் தேக்கும். களிமண்ணை இளக்கி வேருக்கு வழிவிடும். சத்தைச் சிறிது சிறிதாகத் தரும். முதல் ஆண்டில் 10 கிலோ இட்டு, பின்னர் ஆண்டுதோறும் 10 கிலோ கூட்டி, 50 கிலோ வரை இடலாம். தண்டை ஒட்டிக் குவித்தல் கூடாது. கிளைகளின் நிழல் முடியும் இடத்தில் வட்டமாக இட்டு மண்ணால் மூடவேண்டும். உணவை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பல அங்கேதான் உள்ளன.

“நகரத்தில் தொழுவத்திற்கு எங்கே போவது?” என்று சிலர் கேட்பர். தில்லியில் வேனில் தொடங்கும்போது வேம்பும் அரசும் இலைகளைக் கொட்டித் தீர்க்கின்றன. அவற்றைக் கூட்டி எரித்துக் காற்றைக் கெடுத்துவிட்டு, கடையில் உரமூட்டை வாங்குவது எவ்வகை அறிவு? அச்சருகைக் குழியில் இட்டு, சிறிது சாணக் கரைசலும் நீரும் தெளித்து, அவ்வப்போது கிளறிவிட்டால் சில திங்களில் கருநிற மட்கு உரம் கிடைக்கும். மண்வாசனை எழுந்தால் கன்றுக்கு இடலாம். அழுகல் நாற்றம் வீசினால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும்.