ராணுவ லாரியும் நம் வாடகைக் கணக்கும்



சரக்கு லாரி எங்கே வருகிறது என்று இன்று கைப்பேசியில் பார்க்கிறோம். அந்த ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவம் தனக்காக அமைத்தது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த துல்லியத்தை 2000-ல்தான் முழுமையாகத் திறந்துவிட்டார்கள்.

ஹைபிரிட் லாரியும் அப்படி நம்மிடம் வந்து சேர வேண்டும். ஹைபிரிட் கார் 1997-லேயே ஜப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது. நமக்கு வேண்டியது பாரம் சுமக்கும் வண்டி.

அமெரிக்க ராணுவத்துக்காக ஆஷ்காஷ் நிறுவனம் செய்து காட்டிய லாரியில், டீசல் இன்ஜின் ஜெனரேட்டரைச் சுழற்றும். சக்கரத்தை மின்மோட்டார் ஓட்டும். நிற்கும்போது சுமார் 100 கிலோவாட் மின்சாரம் வெளியே தரும். எரிபொருள் ஏற்றிச் சென்ற லாரிகள் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் தாக்கப்பட்டதால், டீசல் மிச்சம் ராணுவத்துக்கு உயிர் மிச்சம்.

நமக்கோ அது பண மிச்சம். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை இவ்வண்டி சேமிக்கும். ஆகவே கடைக்குக் கடை நின்று சரக்கு இறக்கும் வண்டிக்கே ஆதாயம் அதிகம். புயல் நாளில் மின்சாரம் போனால் குளிர்பதனக் கிடங்கையும் காக்கும்.

சோதனைச் செலவை ராணுவம் தாங்கும். சிறு வியாபாரி தாங்க மாட்டார். வரிப்பணத்தில் கண்ட பலன், கட்டுப்படியாகும் விலையில் மக்களுக்கே திரும்ப வேண்டும். வாடகை இறங்கினால்தான் பருப்பு விலையும் இறங்கும் என்பது நாம் அறியாததா?