விவசாயி வீட்டுக் கல்யாணமும் மொய்க் கணக்கும்

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வருவது தை, மாசியில்தான். கல்யாணங்கள் தையில் குவியத் தொடங்குவதற்குப் பஞ்சாங்கம் மட்டும் காரணமல்ல. ஆடியில் முகூர்த்தம் இல்லை. விதைப்பு வேலை நெருக்கும், கையிருப்பும் கரைந்திருக்கும்.

சடங்குகளிலும் வயல்தான் தெரிகிறது. பந்தக்கால் ஊன்றும் குழியில் நவதானியம் போட்டுப் பால் ஊற்றுகிறார்கள். ஊறவைத்த தானியத்தைப் பாலிகைக் கிண்ணங்களில் தெளித்து முளைக்கவிட்டு, கல்யாணம் முடிந்தபின் ஆற்றிலோ குளத்திலோ கரைக்கிறார்கள்.

மாறிப்போனது வேலைப் பங்கீடு. நெல் அவிப்பது, மல்லி மிளகாய் இடிப்பது, விறகு பிளப்பது, பந்தல் போடுவது எல்லாம் முன்பு பங்காளிகளும் அக்கம்பக்கத்தாரும் செய்தவை. இன்று கல்யாண மண்டபமும் சமையல் காண்டிராக்டரும் அந்த இடத்துக்கு வந்துவிட்டதால், உழைப்பாகக் கிடைத்த உதவி ரொக்கச் செலவாகிவிட்டது. அந்தச் செலவின் பாரம் மொய்யின் மேல் இறங்கியிருக்கிறது.

மொய்ப் பலகையில் ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் எழுதுவார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நோட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே தாய்மாமன் பெயர். பிறகு ஊர், பெயர், தொகை. 101, 501 என்று ஒன்றில் முடியும் தொகைகள்தான் அதிகம். மதுரைப் பக்கம் கணினியில் பதிந்து ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். எழுதியதெல்லாம் அன்பளிப்பு என்று சொல்வது மரியாதைக்குத்தான். அது வட்டியில்லாக் கடன். ஜாமீனும் பத்திரமும் கேட்காத கடன். வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் சிறு விவசாயிக்கு மொத்தமாகப் பணம் கிடைக்க இதைவிட நல்ல வழி இருந்ததில்லை.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் இது கல்யாணத்தை விட்டே பிரிந்து, ஆடி, ஆவணியில் மொய் விருந்தாகத் தனியே நடக்கிறது. ஆட்டுக்கறிச் சாப்பாடு, ஊரெங்கும் பேனர், பலர் சேர்ந்து ஒரே பந்தல். வசூலான பணத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், நிலம் வாங்குவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள்.

சிக்கல் திருப்பிச் செய்வதில் இருக்கிறது. வாங்கியதோடு மேலே கொஞ்சம் சேர்த்து வைப்பதுதான் வழக்கம் என்பதால் தொகை ஏறிக்கொண்டே போகும். தவணையைத் தீர்மானிப்பது அடுத்த வீட்டு விசேஷம். விளைச்சலுக்காக அது காத்திருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது வருமானம் போனது. நோட்டில் இருந்த கடன் அப்படியே நின்றது. அடுத்து கொரோனா வந்து விருந்துகளையே முடக்கியது. வட்டிக்கு வாங்கி மொய் வைக்கும் நிலை வந்துவிட்டால் இந்த ஏற்பாட்டின் பயனே போய்விடுகிறது. மேலே சேர்த்து வைக்கும் வழக்கத்தை மட்டும் ஊர்கள் கைவிட்டாலே பாதிப் பாரம் குறையும்.

மொய்க் கடன் ஒரு தலைமுறையோடு தீர்வதுமில்லை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது நிலத்தோடு சேர்த்து மொய் நோட்டையும் பங்கு போடுகிறார்கள்.