ரெக்சின் கிழிந்தால் சீட்டே செத்துவிட்டதா?

போன மாதம் பேரப்பிள்ளைகளோடு படகுச் சவாரி போனேன். உட்கார்ந்த வேகத்தில் என் வீட்டம்மா, "என்னங்க, புடவையெல்லாம் ஈரம்" என்று எழுந்துவிட்டார். சீட்டின் ரெக்சின் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மேலே பிரவுன் டேப் ஒட்டியிருந்தார்கள். உள்ளே ஸ்பாஞ்ச் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தது. கேட்டால், "கண்டம் பண்ண எழுதியாச்சு சார், புதுசு வரும்" என்றார் ஊழியர்.

அந்தப் பதில் எனக்குப் பழக்கமானதுதான். குமாஸ்தாவாக இருந்தபோது, "பழுதுபார்க்கத் தகுதியற்றது" என்று பல நாற்காலிகளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் குறிப்பு எழுதியவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அது பெரும்பாலும் பொய்.

ரெக்சின் என்கிறோம், பிரெஞ்சில் ஸ்காய் என்போம். இரண்டுமே கம்பெனிப் பெயராக வந்தவை. சரக்கு என்னவோ துணிமேல் பூசிய பி.வி.சி.தான். அது வளைந்து கொடுப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். வெயிலில் அது மெல்ல வெளியேற, ரெக்சின் விறைத்து, மடியும் இடத்தில் வெடிக்கிறது. தின்னர், பிளீச்சிங் போட்டுத் துடைத்தால் இன்னும் சீக்கிரம் போகும். மிதமான சோப்புத் தண்ணீரே போதும்.

விரல் நீளக் கிழிசலா? நன்றாகக் காயவைத்து, அடியில் ஒரு துண்டு ரெக்சினைச் செருகி, காய்ந்தபின்னும் வளையக்கூடிய பசையால் ஒட்டினால் தண்ணீர் இறங்காது. தையல் விட்டிருந்தால் அந்த ஒரு பாகத்தை மட்டும் பிரித்து, அதையே அளவாக வைத்து வெட்டிப் பாலியெஸ்டர் நூலில் தைக்கலாம். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும்.

"புதுசு வாங்கினால் தொல்லை இல்லையே" என்பார்கள். புதுசிலும் அதே இரும்புப் பின், வடிய ஓட்டையில்லாத அதே பிளைவுட் என்றால், அதுவும் இதே கதிக்குத்தான் வரும். ஈர ஸ்பாஞ்சின்மேல் புது ரெக்சின் போர்த்துவது அதைவிட மோசம். புண்ணை மூடிப் பட்டுச் சட்டை போடுவது மாதிரி. முதலில் சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பலகை இற்றிருந்தால் மாற்றுங்கள். பெயின்ட் அடித்து, தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் அடியுங்கள். ரெக்சின் வேலை கடைசியில்தான்.

எங்கள் ஆபீசுக்கு அப்போது ஒரு குஷன் தைக்கிறவர் வருவார். "நாலு நாற்காலியாவது கொடுங்க சார், தைச்சுத் தர்றேன்" என்பார். "டெண்டர் வரட்டும்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினேன். மூன்றாம் முறை அவர் வரவில்லை. அந்த நாற்காலிகள் காயலான் கடைக்குப் போயின.

அடுத்த முறை படகில் ஏறினால் உட்காருமுன் சீட்டை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் சும்மா இருக்காதீர்கள், கேளுங்கள். என்னைப் போன்ற குமாஸ்தாக்களை அன்று யாரும் கேட்கவில்லை.