தண்ணீர்ப் பாம்பும் மந்திரவாதியின் பிழைப்பும்

நம் ஜனங்களுக்குப் பாம்பு என்றால் இரண்டு காரியந்தான் தெரியும். ஒன்று கும்பிடுவது, மற்றொன்று அடித்துக் கொல்லுவது. எதைக் கும்பிடுகிறார்கள், எதைக் கொல்லுகிறார்கள் என்று பார்த்தால் நம்முடைய அறிவின் யோக்கியதை நன்றாய் விளங்கிவிடும். ஒரே கடியில் ஆளைச் சாகடிக்கக்கூடிய பாம்புக்கு 'நல்ல பாம்பு' என்று பெயர். அதன் புற்றுக்குப் பாலும் முட்டையும், மஞ்சளும் குங்குமமும். வாய்க்காலில் மீனும் தவளையும் தின்று திரிகிற, மனிதனைக் கொல்லும் விஷம் ஒரு சொட்டும் இல்லாத தண்ணீர்ப் பாம்புக்கோ கண்ட இடத்தில் தடியடி. கெடுதி செய்கிறவனுக்குப் பூசை, ஒன்றும் செய்யாதவனுக்கு அடி என்கிற வழக்கத்தை நம்மவர்கள் பாம்பு விஷயத்திலும் விட்டுவைக்கவில்லை.

ஆதிசேஷன், வாசுகி, தக்ஷகன், கார்க்கோடகன் என்று கண்ணால் காணாத பாம்புகளின் பெயர்களையெல்லாம் ஒப்பிக்கத் தெரிகிறது. கொல்லையில் கிடப்பது கட்டுவிரியனா, ஒன்றுமறியாத வேறு பாம்பா என்று கேட்டால் மாத்திரம் தெரியவில்லை. இந்த அறியாமை வெறும் சிரிப்புக்குரிய சங்கதியல்ல. 2000 முதல் 2019 வரை 20 வருஷத்தில் இந்தியாவில் பாம்புக் கடியால் செத்தவர்கள் ஏறக்குறைய 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. சராசரி வருஷத்துக்கு 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். பங்களாவில் கட்டிலில் படுப்பவனை அல்ல, வரப்பில் நடப்பவனையும் மண் தரையில் பாய் விரித்துப் படுப்பவனையுமே பாம்பு கடிக்கிறது. அதனால்தான் இதைப் பற்றிப் பெரிய மனிதர்கள் அதிகம் கவலைப்படுவதில்லை.

மந்திரவாதி பிழைப்பது எப்படி?

"மந்திரித்துப் பிழைத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்களே, இதற்கு என்ன சொல்லுகிறீர்?" என்று கேட்கிறார்கள். பிழைத்தவர்கள் இருப்பது வாஸ்தவந்தான். ஆனால் பிழைக்க வைத்தது மந்திரமா என்பதல்லவா கேள்வி?

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மந்திரவாதியிடம் 100 பேர் வருகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுவோம். அதில் 70 பேரைக் கடித்தது தண்ணீர்ப் பாம்பு, சாரை முதலிய விஷமில்லாத பாம்பு. மந்திரித்தாலும் பிழைப்பார்கள், மந்திரவாதியைத் திட்டிவிட்டுப் போனாலும் பிழைப்பார்கள். மீதி 30 பேரைக் கடித்தது விஷப்பாம்பே என்றாலும், விஷப்பாம்பு கடிக்கும் ஒவ்வொரு தடவையும் விஷத்தை இறக்குவதில்லை. பல்லை மாத்திரம் பதித்துவிட்டுப் போவதும் உண்டு. அப்படி 10 பேர் தப்பினால், மந்திரவாதி சும்மா உட்கார்ந்திருந்தாலே 80 பேர் நடந்து வீட்டுக்குப் போவார்கள்! அந்த 80 பேரும் அவனுக்குச் சம்பளமில்லாத பிரசாரகர்கள். பாக்கி 20 பேரில் செத்தவர்களுக்கோ, "நேரம் கடந்து கொண்டு வந்தீர்கள்", "தீட்டுப் பட்டுவிட்டது", "விதி முடிந்துவிட்டது" என்று சமாதானம் தயாராய் இருக்கிறது. பிழைத்தால் மந்திரத்தின் மகிமை, செத்தால் செத்தவன் தலையெழுத்து. இப்படிப்பட்ட நஷ்டமில்லாத வியாபாரம் உலகத்தில் வேறு எங்கேயாவது உண்டா?

ஆகவே இந்த வியாபாரத்துக்கு முதல் போட்டிருப்பது மந்திரவாதியல்ல, விஷமில்லாத பாம்புதான். அதை ஜனங்கள் அடையாளம் தெரிந்து கொண்டால் அவனுடைய பெருமையில் பெரும்பகுதி அன்றே போய்விடும்.

தண்ணீர்ப் பாம்பின் அடையாளம்

குளத்திலும் கிணற்றிலும் நெல் வயலிலும் நாம் அதிகமாய்க் காண்பது ஒரு பாம்பு. மஞ்சளோ பழுப்போ கலந்த உடம்பில் கறுப்புக் கட்டங்கள் சதுரங்கப் பலகை மாதிரி வரிசையாய் இருக்கும். வயிறு வெளுப்பு. முக்கியமான அடையாளம் முகத்தில் இருக்கிறது: கண்ணுக்குக் கீழே ஒன்றும் கண்ணுக்குப் பின்னால் ஒன்றுமாக இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்வாய் வாயை நோக்கி இறங்கும். இதற்குக் கோபம் அதிகம். மடக்கினால் தலையைத் தூக்கிக் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும். வெடுக்கென்று கடிக்கவும் செய்யும். இதைக் கண்டுதான் "படமெடுத்தது, நாகந்தான்" என்று ஊரைக் கூட்டுகிறார்கள். கடிவாயில் இரத்தம் கசியும். விஷப்பல் கிடையாது.

இன்னொன்று, பாசி நிறத்தில் மேலே புள்ளியோ கட்டமோ இல்லாமல் வயிறு மட்டும் மஞ்சளாய் இருக்கும். இது முன்னதைவிடச் சாது. இதுவும் விஷமற்றது.

இனி, பெரும்பாலான சாவுக்குக் காரணமான நான்கைப் பாருங்கள். நல்ல பாம்பு, படத்தை அகல விரிக்கும். கட்டுவிரியன், பளபளப்பான கறுப்பில் மெல்லிய வெள்ளைப் பட்டைகள், பெரும்பாலும் இரண்டிரண்டாய். முதுகெலும்பின் மேல் ஒரு வரிசைச் செதில் மற்றவற்றைவிடப் பெரிதாய் அறுகோணமாய் இருக்கும். கண்ணாடி விரியன், தடித்த பழுப்பு உடம்பில் சங்கிலி கோத்தது போல் மூன்று வரிசை முட்டை வடிவப் புள்ளிகள். துருத்தி ஊதுவது போல் சீறும். சுருட்டை விரியன், சிறியது. உடம்பைச் சுருட்டிச் செதிலோடு செதிலை உரசி ரம்பம் அறுப்பது போல் சத்தமிடும்.

போலி விதிகள்

சாஸ்திரப் புரட்டை விட்டவர்கள் சிலர் வேறு புரட்டுகளைப் பிடித்துக் கொண்டிருக்கிறார்கள். தலை முக்கோணமாயிருந்தால்தான் விஷம் என்கிறார்கள். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமா? கண்மணி கீறலாயிருந்தால் விஷம், வட்டமாயிருந்தால் இல்லை என்கிறார்கள். நல்ல பாம்பின் கண்மணி வட்டந்தான். ஆற்று முகத்துவாரச் சேற்றிலிருக்கும் ஒருவகைத் தண்ணீர்ப் பாம்புக்குக் கண்மணி கீறல், ஆனால் மனிதனுக்கு ஆபத்தில்லை. இரண்டு பல் பட்டால் விஷம் என்கிறார்கள். கட்டுவிரியன் கடித்த இடம் தெரியாமலே தூக்கத்தில் செத்தவர்கள் உண்டு.

எல்லாவற்றிலும் கேடானது, "தண்ணீரில் இருப்பதெல்லாம் தண்ணீர்ப் பாம்பு" என்பது. நல்ல பாம்பு நன்றாய் நீந்தும். கண்ணாடி விரியன் நெல் வயலில் எலி தேடித் திரியும். கடலில் நிலைமை அடியோடு வேறு. துடுப்பு மாதிரி வால் தட்டையாயிருந்தால் அது கடற்பாம்பு. அதற்குக் கொடிய விஷமுண்டு. வலையில் சிக்கினால் மீனவத் தோழர்கள் வெறுங் கையால் எடுத்து எறியக் கூடாது. ஆகையால் எல்லாப் பாம்புக்கும் ஒரே விதி கிடையாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாய்த் தெரிந்து கொள்ள வேண்டியதுதான் அறிவு.

இந்த அறிவு புதிதுமல்ல. சென்னையில் கம்பெனி உத்தியோகத்திலிருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்பவர், விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று நம் கரையோரத்துப் பாம்புகளைச் சோதித்து 1796-ல் படத்தோடு புஸ்தகம் போட்டார். விஷமுறிவு மருந்து 1890-களிலேயே வந்துவிட்டது. இவ்வளவு காலமாகியும் நாம் வேப்பிலை கசக்கிறதா, மிளகாய் காரமாயிருக்கிறதா என்று நாக்கைச் சோதித்துக் கொண்டிருக்கிறோம்!

உயிர் கொடுக்கிறவர் யார்?

அந்த மருந்து வானத்திலிருந்து விழவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் ஏற்பட்டது. அங்கே இருளர்கள் இந்த நாலு பாம்பையும் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் இதற்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி இவர்கள் கையால் வந்தது. கீழ்ஜாதியென்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் உயிரைக் காப்பாற்றுகிறான். பாம்புக்குத் தோஷம் கழிக்கிறவன் தட்சணை வாங்குகிறான். இதில் யாரைக் கும்பிடுவது என்று கேட்கவில்லை. யாருக்கு மரியாதை கொடுப்பது என்று கேட்கிறோம்.

மந்திரவாதிகளுக்கு ஒரு சவால். விரியன் கடித்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், அவன் இரத்தத்தில் 2 மில்லி எடுத்துச் சுத்தமான புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பார்கள். உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு மருந்தை ஊசி மூலம் ஏற்றுவார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். மந்திரம் உண்மையானால் அந்தக் குழாய்க்குள் இருக்கும் இரத்தத்தை ஒரு தடவை ஜபித்து உறைய வைக்கட்டுமே! அதுவும் முடியாதவன், ஆளுக்குள் ஓடும் இரத்தத்தை எப்படிச் சரிப்படுத்துவான்?

செய்ய வேண்டியது

தோழர்களே! பாம்பைத் தெரிந்து கொள்ளுவது கடிபடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம். தெரிந்தால் வாய்க்காலில் போகிற தண்ணீர்ப் பாம்பை வீணாய்க் கொல்லமாட்டீர்கள். இரவில் விளக்கில்லாமல் நடக்கவும் மாட்டீர்கள். ஆனால் கடித்த பிறகு "இது தண்ணீர்ப் பாம்புதான்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக் கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். அந்தத் தீர்ப்பு டாக்டருடையது. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்காதீர்கள், கோழிக்குஞ்சும் விஷக்கல்லும் வைக்காதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டி இவைகளைக் கழற்றி, கை காலை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, 108-க்குச் சொல்லி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டு போக வேண்டியதில்லை. கண்ணிமை தொங்கினாலும், வயிறு வலித்தாலும், ஈறில் இரத்தம் கசிந்தாலும் ஒரு நிமிஷமும் தாமதியாதீர்கள்.

2024-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் மந்திரவாதி வீட்டுத் திண்ணையில் செத்தவன் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கில் வருவான்? ஊர் தோறும் விஷமுறிவு மருந்து இருக்கிற ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துக் கொள்ளுங்கள். அருகில் இல்லையென்றால், வேண்டுமென்று கூட்டம் போட்டுக் கேளுங்கள். புற்றுக்கு ஊற்றுகிற பாலைப் பாம்பு குடிக்கப் போவதில்லை. அதைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளைக்கு நாலு விஷப்பாம்பையும் ஒரு தண்ணீர்ப் பாம்பையும் படத்தில் காட்டி அடையாளம் சொல்லிக் கொடுங்கள்.